இடது கைக்கு இரண்டு வேலை

சாத்தூர் தாண்டியதுமே பைகளை இறக்கத் தொடங்கிவிட வேண்டும். அடுத்த நிறுத்தம் கோவில்பட்டி. நெல்லை எக்ஸ்பிரஸ் அங்கே அதிக நேரம் நிற்காது. எங்களிடம் இறக்க நிறைய இருந்தது. பதினாறு பெண்பிள்ளைகள், அவர்களுடைய மட்டைப் பைகள், கோல்கீப்பரின் கால்காப்பும் தலைக்கவசமும் திணித்த ஒரு பெரிய மூட்டை. இவற்றுக்கு நடுவே ஒரு வயலின் பெட்டி.

பெட்டி என் மகளுடையது. பள்ளிகளுக்கிடையேயான ஹாக்கிப் போட்டிக்கு வருகிறவளுக்கு வயலின் எதற்கு என்று கோச் எழும்பூரிலேயே கேட்டார். “அடுத்த வாரம் கிரேடு எக்ஸாம் சார், வர்ணம் இன்னும் ரெண்டாம் காலத்துல தடுமாறுது” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ரயிலைப் பார்த்தேன். பிள்ளைகளோடு துணைக்கு வந்த இரண்டு அம்மாக்களில் நான் ஒருத்தி. சாப்பாடு, மாத்திரை, துவைத்த சாக்ஸ் ஆகியவை எங்கள் இலாகா. ஆட்டம் பற்றிப் பேசக் கூடாது என்பது கோச் போட்ட ஒரே நிபந்தனை. “பேரன்ட்ஸ் கோட்டுக்கு வெளியே. அவங்க வாயும் கோட்டுக்கு வெளியே” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு மட்டும்தான் விளையாட்டு.

வருகிற ஜூனில் மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். அதனால் கொஞ்ச காலமாக எங்கே போனாலும் எங்களுக்கு ஒரு கேள்வி காத்திருக்கிறது. “எதை நிறுத்தப் போறீங்க?” கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்கிறார்கள், லிஃப்டில் கேட்கிறார்கள். நிறுத்துவீர்களா என்று யாரும் கேட்பதில்லை. பாட்டா, ஆட்டமா என்பதில்தான் அவர்களுக்குச் சந்தேகம். பாட்டு என்றால் அம்மா வழிச் சொந்தங்களுக்கு வருத்தம். ஆட்டம் என்றால் அப்பா வழியில் வருத்தம். அந்தக் கேள்வியும் எங்களோடு டிக்கெட் இல்லாமல் கோவில்பட்டிக்கு வந்து இறங்கியது.

*

மே மாதம். விடியும்போதே தரையிலிருந்து சூடு கிளம்புகிற ஊர். நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் அந்த நேரத்திலேயே கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலை, வெல்லப்பாகு, பாகு பதம் அறிந்த கை. இவ்வளவுதான் பக்குவம் என்கிறார் கடைக்காரர். பாகின் பதத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பீர்கள் என்று கேட்டேன். “கத்துக் குடுக்கதுக்கு என்ன இருக்கு, பக்கத்துல நின்னு கிண்டுனா வந்துரும்” என்றார்.

ஊரின் இன்னொரு தொழில் தீப்பெட்டி. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்று இந்த வறண்ட வட்டாரம் முழுக்க மழையை நம்ப முடியாத குடும்பங்களைத் தாங்கிய தொழில். ஒரு தீப்பெட்டியின் விலை பதினான்கு வருடம் ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. பிறகு லைட்டர் வந்து வயிற்றில் அடிக்க, இருபது ரூபாய்க்குக் கீழான லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023-ல் ஒன்றிய அரசு தடை போட்டது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஒரு விளையாட்டு வீராங்கனையின் அம்மா. எங்களை எதிர்த்து ஆட இருந்த உள்ளூர் அணியின் இடதுபக்க முன்கள ஆட்டக்காரி அவருடைய மகள். மைதானத்தின் படிக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

இந்த ஊருக்கு ஹாக்கி எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஆடுகிறார்கள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு கிரிக்கெட் என்றால் இங்கே சந்துகளில் வளைந்த மட்டைகளைப் பார்க்கலாம். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடெங்கிலுமிருந்து அணிகள் வந்து ஆடும் ஊர் இது. அரசின் விளையாட்டு விடுதி இருக்கிறது. செயற்கை இழைத் தளம் இருக்கிறது. இந்த ஊர்க்காரர் மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரிலிருந்து வந்து இங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம் இருவரும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கார்த்தி ஒரு கோல் போட்டார். இந்தியா வெண்கலம் வாங்கியது. இரண்டு பெயர்களையும் ஊரில் குழந்தைகள் சொந்த அண்ணனைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள்.

ஆட்டம் தொடங்குமுன் தளத்துக்குத் தண்ணீர் அடித்தார்கள். பச்சை விரிப்பின் ஓரங்களிலிருந்து பீய்ச்சிய தண்ணீரில் பிள்ளைகள் ஓடிப்போய் நனைந்தார்கள். இந்த வகைத் தளம் ஈரமாக இருந்தால்தான் பந்து ஒரே சீராக ஓடும். விழுந்தாலும் தோல் உரியாது. தாமிரபரணியின் சீவலப்பேரியிலிருந்து குழாயில் குடிநீர் வருகிற ஊரில், ஆட்டத்துக்காக இப்படித் தண்ணீர் இறைப்பதைப் பார்க்கும்போது சென்னைக்காரியான எனக்கே மனசு கணக்குப் போட்டது. பக்கத்திலிருந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். “கட்டாந்தரையில ஆடுன காலத்துல எம்புள்ள முட்டிய நீங்க பாக்கலையே” என்றார். அதோடு நான் கணக்கை மூடிவிட்டேன்.

தரை மாறியதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1956 வரை இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் தொடர்ந்து ஆறு தங்கம் வாங்கியது. அந்த வெற்றியெல்லாம் புல்தரையில். 1976-ல் மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தளத்துக்கு மாறியது. இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. தோல்விக்குத் தரை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தரை மாறினால் கால் மாற வேண்டும், குனிகிற அளவு மாற வேண்டும், பந்தை நிறுத்துகிற மணிக்கட்டு மாற வேண்டும். ஊரில் ஒருவருக்கும் வாய்க்காத தரையில் ஆடிப் பழகுவது எப்படி? கோவில்பட்டி மாதிரி சிறு நகரத்தில் இந்தத் தளம் விரிக்கப்பட்டதன் அருமை அப்போதுதான் புரிந்தது.

*

என் மகள் இடக்கைக்காரி. சோறு மட்டும் பாட்டியின் கண்டிப்பில் வலக்கைக்குப் போனது. எழுத்து, கத்தரிக்கோல், பல் துலக்குவது எல்லாம் இடக்கை. ஹாக்கியில் சேர்த்தபோது இடக்கைக்காரர்களுக்கான மட்டை வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். அப்படி ஒன்று ஆட்டத்திலேயே கிடையாது என்றார் கடைக்காரர். மட்டையின் இடப்பக்கம் மட்டும் தட்டை. அந்தப் பக்கத்தால்தான் பந்தைத் தொட வேண்டும். வலப்பக்கம் உருண்டையாக இருக்கும். அதில் பந்து பட்டால் நடுவர் விசில் ஊதிவிடுவார். உலகத்தில் எல்லோருக்கும் ஒரே மட்டை, ஒரே பிடி. இடக்கை மேலே, வலக்கை கீழே.

பாவம், இங்கேயும் இவளுக்கு உலகம் எதிர்ப்பக்கமாகவே திரும்பியிருக்கிறதே என்று நினைத்தேன். அன்று கோவில்பட்டியில் படிக்கட்டில் என் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அந்த நினைப்பைத் திருத்தினார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலையில் தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா கற்றுக்கொடுக்கிறவர். இவள் பந்தை இழுத்து, மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, இடப்பக்கமாக ஒருத்தியைக் கடந்ததைப் பார்த்துவிட்டு, “அந்தப் புள்ள நொட்டாங்கையா?” என்று கேட்டார்.

“எப்படித் தெரிஞ்சது?”

“மட்டையத் திருப்புதது மேல இருக்க இடக்கைம்மா. வலக்கை சும்மா குழாய் மாதிரி. அதுக்குள்ள மட்டை உருளும், அவ்வளவுதான். வலக்கைக்காரப் புள்ளைகளுக்கு இடக்கைய எழுப்ப ஒரு வருசம் ஆகும். இதுக்கு அது பொறக்கும்போதே முழிச்சிருக்கு.”

ஆட்டத்தை விட்டுவிட்டு என் மனசு வயலின் பெட்டிக்கு ஓடியது. அங்கேயும் அதே ஏற்பாடுதானே! வில் வலக்கையில்; தந்தியின் மேல் ஓடி, வழுக்கி, ஸ்வரத்தை அசைத்து கமகம் பிடிக்கிற வேலை முழுவதும் இடக்கை விரல்களில். பார்க்கிறவர்களுக்கு வில் அசைவதுதான் தெரியும். பாட்டு நடப்பது மறுகையில். வலக்கைக்காரர்களுக்கென்றே செய்ததாக நான் நினைத்திருந்த இரண்டு பொருள்களும் நுணுக்கமான வேலையை இடக்கையிடம்தான் ஒப்படைத்திருக்கின்றன. பாட்டா ஆட்டமா என்று நாங்கள் வீட்டில் தராசு பிடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவளுடைய இடக்கை இரண்டு தட்டிலும் உட்கார்ந்திருக்கிறது.

அன்றைய ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. நான்காவது கால்பகுதியில் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பெனால்டி கார்னர்களையும் கோலாக்கிவிட்டார்கள். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் அந்த அம்மாவின் மகள் ஒன்று போட்டாள். அவர் எழுந்து கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதுக்கு ஒரு வேலை கெடச்சிரும்னு சார் சொல்லுதாரு” என்றார். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வருமானவரித் துறை, வங்கி, ராணுவம் என்று இந்த ஊரின் மட்டைகள் போய்ச் சேர்ந்த இடங்கள் பல. பெரியவரே அதற்குச் சாட்சி.

பலன் கருதாமல் கற்க வேண்டும் என்று நகரத்துப் பெற்றோர்கள் பேசுவது எங்களுக்கு மாதச் சம்பளம் வருவதால். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பலன் வேண்டும் என்று நினைக்கிற அம்மா தன் மகளை மைதானத்துக்கு அனுப்புகிறார். பலன் வேண்டும் என்று நினைக்கிற நாங்கள் மைதானத்தை நிறுத்தப் பார்க்கிறோம். ஆசை ஒன்றுதான், திசைதான் வேறு.

*

மறுநாள் எங்களுக்கு ஆட்டம் இல்லை. கோச்சிடம் அனுமதி வாங்கி மகளைக் கூட்டிக்கொண்டு எட்டயபுரம் புறப்பட்டேன். கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். பஸ் அடிக்கடி இருக்கிறது. கிளம்புமுன் ஊரில் காருகுறிச்சி அருணாசலத்தின் சிலையைப் பார்த்தோம். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஓடிப் பிடித்து விளையாடுகிற அந்த நாகஸ்வரத்துக்குச் சொந்தக்காரர். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கோவில்பட்டியில் வாழ்ந்து, 1964-ல் மறைந்தவர். ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஊதுவார் என்று மகள் கேட்டாள். ஹாக்கிப் பிள்ளை வேறு என்ன கேட்கும்! கல்யாண ஊர்வலத்தில் நடந்துகொண்டே, இரவு முழுக்க, அந்த நீளக் குழலை ஊதுவதற்கு எவ்வளவு நுரையீரல் வேண்டும் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினோம்.

பஸ் ஜன்னலுக்கு இருபுறமும் கரிசல். அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கிற கருப்பு மண், வரப்பெல்லாம் சீமைக்கருவேலம், தூரத்தில் சுழலுகிற காற்றாலைகள். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மழை பெய்தால் விளையும். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போக வேண்டும். இந்த மண்ணில் இசைக்கு என்ன வேலை என்று தோன்றும். ஆனால் பக்கத்து இடைசெவலில் 1923-ல் பிறந்த கி. ராஜநாராயணன் எழுத்துக்கு வருமுன் இசைக்குத்தான் ஆசைப்பட்டார். விளாத்திகுளம் சுவாமிகளிடம் பாட்டுக் கற்கப் போய் அமர்ந்தவர். அதே ஊரில் அதே வருடம் பிறந்த கு. அழகிரிசாமிக்கும் இசைப் பித்து உண்டு. வானம் பொய்க்கிற இடத்தில் காது மட்டும் எப்படி இவ்வளவு செழித்தது என்பதற்கு எட்டயபுரம் ஒரு பதில் வைத்திருக்கிறது.

முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல், தீபாவளி நாளில், இங்கேதான் மறைந்தார். காவிரிக்கரைக்காரர் இந்த வறண்ட பாளையத்துக்கு வந்ததற்குக் காரணம் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். எட்டயபுரம் அரண்மனையில் ஆஸ்தான வித்துவானாக இருந்தவர் அவர்தான். வரும் வழியில் காய்ந்து கிடந்த நிலத்தைப் பார்த்து அண்ணன் அமிர்தவர்ஷினி ராகத்தில் பாட, மழை கொட்டியது என்று இங்கே இன்றும் சொல்கிறார்கள். மகளுக்கு முந்தின நாள் தளத்தில் பீய்ச்சிய தண்ணீர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. “கிரவுண்டுக்கு ஒரு வித்துவானை வேலைக்குப் போட்டுட்டா கார்ப்பரேஷன் தண்ணி மிச்சம்” என்றாள். கோவில்பட்டி நகராட்சி என்று திருத்தினேன்.

எனக்கு அண்ணனைவிடத் தம்பியின் கதைதான் அன்று பெரிதாகத் தெரிந்தது. தீட்சிதர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் ஜமீன்தார் ஆதரவில் சில காலம் இருந்தது. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பேர்போன அதே மணலி. அங்கிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய் வந்தபோது வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் சகோதரர்கள் காதில் விழுந்தது. பாலுசுவாமி வயலினைக் கண்டு ஆசைப்பட்டு, ஒரு ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். கர்நாடக சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவர்களில் முதல்வராக அவரைச் சொல்கிறார்கள். அண்ணன் சும்மா இருக்கவில்லை. பாண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதாம் நோட்டு ஸ்வரங்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டு அம்பாளைப் பாடுகிற பாட்டானது.

வந்த வாத்தியம் வந்தபடியே நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். ஐரோப்பாவில் வயலினைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி, நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பார்கள். நம்மவர்கள் அதைத் தரையில் உட்கார வைத்தார்கள். சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தின் மேல் சாய்த்துவிட்டால் இடக்கைக்கு அதைத் தாங்குகிற பாரம் இல்லை. தந்தி நெடுக வழுக்கலாம், கமகம் பிடிக்கலாம். வாத்தியத்தில் ஓர் ஆணியைக்கூட மாற்றவில்லை. மாறியது உட்கார்ந்த விதம், சுருதி சேர்த்த விதம். ஹாக்கியிலும் இப்படி ஒன்று நடந்தது. ஆங்கிலேயர் கொண்டுவந்த மட்டையின் கொக்கி நீளமானது. இந்தியாவில் முசுக்கொட்டை மரத்தில் செய்த மட்டைகளின் கொக்கி குட்டையாகி, வளைவு இறுகியது. அதனால்தான் மட்டையைச் சட்டென்று திருப்பிப் பந்தை இருபுறமும் தட்டித் தட்டிக் கொண்டுபோகிற இந்திய ஆட்டம் பிறந்தது. ஒரு பொருள் நம்முடையதாக, இடக்கைக்குச் சுதந்திரம் கிடைக்க வேண்டியிருந்தது. இரண்டிலும் அதுவே நடந்திருக்கிறது.

தீட்சிதர் சமாதி மண்டபத்தில் கூட்டம் இல்லை. மகள் தரையில் உட்கார்ந்து தொடையில் விரல்களால் எதையோ வாசித்துப் பார்த்தாள். பாலுசுவாமியின் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதரைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். குடும்பத்தின் வாயிலும் விரலிலும் மட்டும் இருந்த உருப்படிகளை, ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறியீடு போட்டு, ஸ்வரப்படுத்தி எழுதினார். ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற அந்தப் பெரிய நூல் 1904-ல் இந்த எட்டயபுரத்திலேயே அச்சானது. அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. சமஸ்தானம் செலவைத் தாங்கியது.

“எல்லாம் எழுதி வெச்சுட்டாரே, அப்புறம் டீச்சர் எதுக்கு?” என்றாள் மகள்.

அவளுக்கே பதில் தெரியும். வர்ணம் புத்தகத்தில் பார்த்தால் இருக்கிறது. கைக்கு வரத்தான் மாதங்கள் ஆகின்றன. பக்கத்தில் நின்று கிண்டினால் வந்துவிடும் என்று கடலைமிட்டாய்க்காரர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவருக்குச் சங்கீதம் தெரியுமா என்று கேட்டாள்.

*

எட்டயபுரம் வந்துவிட்டு பாரதி பிறந்த வீட்டுக்குப் போகாமல் திரும்ப முடியுமா? வீடு சுத்தமாக, அமைதியாக இருந்தது. கல்கியின் முயற்சியால் எழுந்த மணிமண்டபத்தையும் பார்த்தோம். சுப்பராம தீட்சிதர் 1906-ல் மறைந்தபோது இரங்கல் கவிதை எழுதியவர் பாரதி. அதே பாரதிதான், எந்த ஊர்க் கச்சேரிக்குப் போனாலும் ‘வாதாபி கணபதிம்’ உள்ளிட்ட அதே சில பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்று சங்கீதம் பற்றிய கட்டுரையில் அலுத்துக்கொண்டார். அந்தப் பாட்டைச் செய்த முத்துசுவாமி தீட்சிதர் தம் சொந்த ஊரில் உறங்குகிறவர் என்பது பாரதியின் பேனாவைத் தடுக்கவில்லை. பக்தியும் கோபமும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதை என் மகளுடைய வயலின் டீச்சருக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பாப்பாவுக்கு பாரதி போட்ட தினசரி அட்டவணை நம் எல்லோருக்கும் மனப்பாடம். விடிந்ததும் பாடம், அடுத்து இசை, மாலை முழுக்க ஆட்டம். பிள்ளைகள் மேடையேறி ஒப்பிக்கும்போது கைதட்டிவிட்டு, அந்த மாலையை டியூஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அன்று அந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்று தோன்றியது. அந்த அட்டவணையில் அம்மா அப்பாவுக்கு வேலையே இல்லை. அவர் பேசுவது பாப்பாவிடம். ஓடச் சொல்வதும் கூடி ஆடச் சொல்வதும் அவளிடம்தான். அனுப்பிவையுங்கள் என்று பெற்றவர்களிடம் அவர் மனு போடவில்லை. எதை நிறுத்தப் போகிறீர்கள் என்ற கேள்வியை ஊர் எங்களிடம் கேட்டு, நாங்கள் எங்களுக்குள் கேட்டு, ராத்திரியெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, மட்டையையும் வில்லையும் பிடித்திருக்கிற கைக்காரியிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் தங்கியிருந்த பள்ளிக்கூட வராந்தாவில் அவள் வயலினை எடுத்தாள். கை வலிக்கிறது என்றாள், இருந்தாலும் எடுத்தாள். உள்ளூர் அணிப் பிள்ளைகளும் பார்க்க வந்திருந்தார்கள். வர்ணத்தை இரண்டு காலத்திலும் வாசித்தபின், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக ஒரு நோட்டு ஸ்வரம் வாசித்தாள். முந்தின நாள் எங்களுக்கு எதிராகக் கோல் போட்டவள், “இது எங்க ஸ்கூல் பேண்டு மாதிரி இருக்கு” என்றாள். கோட்டையில் பாண்டு கேட்ட அண்ணன் தம்பி இருவரும் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். அப்புறம் வயலின் கைமாறி, கீச்சுக் கீச்சென்று ஆளுக்கொரு இழுப்பு. பதிலுக்கு என் மகளுக்கு ரிவர்ஸில் பந்தை உருட்டி நிறுத்துகிற ஒரு வித்தை கிடைத்தது. எனக்கு வராந்தாவில் சாக்ஸ் காயப்போடுகிற வேலை இருந்தது. வீட்டுக்காரர் போனில் ஸ்கோர் கேட்டார், சொன்னேன். வாசித்தாளா என்றார், வாசித்தாள் என்றேன்.

*

திரும்பும் ரயிலில் அவளிடம் கேட்டேன். பக்கத்துப் பர்த்திலெல்லாம் பிள்ளைகள் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு பாட்டுக்குப் பாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். டெந்த்ல எதை நிறுத்தலாம்னு நீயே சொல்லேன் என்றேன். அவள் அதிகம் யோசிக்கவில்லை.

“மேத்ஸ் டியூஷன் வாரத்துல நாலு நாள். ரெண்டு நாள் புதுசா நடத்துறாங்க. மிச்ச ரெண்டு நாள் ஸ்கூல்ல செஞ்சதையே திருப்பிச் செய்றோம். அந்த ரெண்டை நிறுத்தலாமே.”

எத்தனை பேர் எத்தனை முறை எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்! பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயர் இருப்பதாக ஒருவரும் நினைக்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. டியூஷன் என்பது மின்கட்டணம் மாதிரி. கட்டியே ஆக வேண்டியது என்று ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சத்தில்தான் கத்தரி போட்டுக்கொண்டிருந்தோம்.

சுலபமான முடிவு என்று சொல்லமாட்டேன். டியூஷன் எடுப்பவர் காரணம் கேட்டார். ஹாக்கி என்றதும் சில நொடி பேசவில்லை. வீட்டில் பெரிய விவாதம் நடந்தது, இன்னும் முடியவில்லை. கிரேடு தேர்வில் தேறிவிட்டாள் என்பதோ, அடுத்த போட்டிக்கு அணியில் இருக்கிறாள் என்பதோ இந்த விவாதத்தில் யாருக்கும் சான்றாகத் தெரியவில்லை, தெரியவும் வேண்டாம். இரண்டிலும் அவள் பெரிய ஆளாக வருவாள் என்று எனக்கு எந்த ஜோசியமும் தெரியாது. கோவில்பட்டியில் மட்டையோடு திரிகிற நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் இந்திய அணிக்குப் போகிறவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களுக்கும் சாயங்காலம் ஆனால் மைதானத்தில் வேலை இருக்கிறது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரும் நாளில் சொந்தபந்தம் மொத்தமும் தாளும் பேனாவுமாக உட்காரும். கணக்கில் எண்பது வந்தால் நிறுத்திய இரண்டு நாள்தான் காரணம் என்பார்கள். தொண்ணூறு வந்தால் நூறு வந்திருக்கும் என்பார்கள். சொல்லட்டும். கணக்கில் குறைகிற மதிப்பெண்ணுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வில்லும் மட்டையும் அவள் கையில் இருப்பவை. அவற்றுக்கு அவளே பதில் சொல்லிக்கொள்ளட்டும்.